நன்றிப் பக்கத்தில் ஒரு கோடு

புரொபெசொரேசா,

இன்று காலை லிபெர்த்தா தெருவில் நான் வேலை செய்யும் வீட்டில் யாரோ மந்தரின் தோடம்பழத் தோலை ஹீற்றர் மேல் காயப் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் படிப்பறையின் வாசம் அது. நீங்கள் காலமாகி இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. ஆனாலும், "இஞ்சை வாரும், இந்தச் சொல்லை ஒருக்காப் பாரும்" என்று உள்ளேயிருந்து கூப்பிடுவீர்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என் நினைவிலோ நீங்கள் இத்தாலியன் பேசுவதே இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர் மாதிரித்தான் கதைக்கிறீர்கள். தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

முதல் வருடம் நான் உங்கள் வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள் மட்டும்தான். நீங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர், அமெரிக்காவில் வாழும் மெக்சிக்கோ, புவேர்த்தோ ரிக்கோ வம்சத்து ஆட்களைப் பற்றி ஆராய்கிறவர் என்பதெல்லாம் அலமாரித் தூசு தட்டியே நான் அறிந்தது. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் இருந்துகொண்டு ஏன் அந்தச் சனத்துக்காக இந்தப் பாடு என்று ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டேன். "என்ரை பெரியப்பா ஆக்கள் இஞ்சையிருந்து கப்பலேறி நியூயோர்க்குக்குப் போனவை. அவையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கினம். அவையின்ரை வீட்டைத் துடைச்ச பொம்பிளையளைப் பற்றி ஆர் எழுதினது?" என்றீர்கள். நான் துடைப்பமும் கையுமாக நின்றேன். அதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அமெரிக்க எல்லை நகரம் ஒன்றில் பத்தொன்பது பெண்களோடு கதைத்து, அதைக் கசெட்டில் பதிந்து கொண்டுவந்திருந்தீர்கள். எல்லாரும் வீட்டு வேலைக்காரிகள், பாதிப் பேருக்கு வதிவிடப் பத்திரம் இல்லை. நீங்கள் கசெட்டைப் போட்டுப் போட்டு எழுதுவீர்கள், நான் பக்கத்து அறையில் இஸ்திரி போடுவேன். எனக்கு ஸ்பானிஷ் விளங்காது. ஆனால் பின்னால் கேட்கிற பாத்திரச் சத்தமும் இருமலும் எனக்கு நன்றாக விளங்கும். எலேனா என்ற ஒருத்தி ஒவ்வொரு பதிலையும் சிரித்துவிட்டுத்தான் தொடங்குவாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளுடைய கசெட் ஓடும் நாளில் மெதுவாக இஸ்திரி போடுவேன்.

புத்தகத்தை எத்தனை பதிப்பகம் திருப்பி அனுப்பியது! "அமெரிக்கனுக்கு இது இத்தாலியன் புத்தகம், இத்தாலியனுக்கு இது அமெரிக்கன் புத்தகம். இதுக்கு ஊரே இல்லை" என்று கடிதத்தை மேசையில் எறிந்தீர்கள். கடைசியில் மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம் போட ஒத்துக்கொண்டது. மெய்ப்பு வந்தபோது உங்கள் விரல் மூட்டுகள் வீங்கி, பேனா பிடிக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் அச்சகம் ஒன்றில் ஆறு வருடம் மெய்ப்புப் பார்த்தவள் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். "ஒரு வருசமா என்ரை யன்னலைத் துடைக்க விட்டுட்டுப் பேசாமல் இருந்தனீரோ!" என்று ஏசினீர்கள். பிறகு நீங்கள் பிழையைச் சொல்லச் சொல்ல, நான் சிவப்புப் பேனாவால் குறித்தேன். ஒரு கோடு கீறி, ஓரத்தில் ஒரு சுழி போட்டால் நீக்கு என்று அர்த்தம். அது யாழ்ப்பாணத்திலும் அதேதான், பலெர்மோவிலும் அதேதான்.

நன்றிப் பக்கம் எப்போதும் கடைசியாகத்தான் வரும். அதை உறையில் போட்டு என்னிடம் தந்தீர்கள். "நேரை அச்சகத்திலை குடும். உமக்கும் ஒரு புதினம் இருக்கு, புத்தகம் வரேக்கை பாரும்" என்றீர்கள். உறை ஒட்டப்படவில்லை. எனக்குப் பொறுமையும் இல்லை. போகிற வழியில் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த என் அறைக்கு ஏறிப்போய்த் திறந்து பார்த்தேன்.

பத்தொன்பது பெயர்கள் இருந்தன. புத்தகத்துக்குள் மாற்றி வைத்த பெயர்கள் இல்லை, அவர்களுடைய சொந்தப் பெயர்கள். இருபதாவதாக என் முழுப்பெயர்.

என்னோடு அறையில் இருந்த மன்னார் றெஜினா அக்கா எட்டிப் பார்த்தா. "எடியே, உனக்கென்ன விசரே? பெர்மேசோப் பத்திரம் இல்லாதவளின்ரை பேரை அச்சடிச்சு விக்கப் போயினமோ? கெஸ்தூராப் பொலிஸ்காரனுக்கு நீயே முகவரி எழுதிக் குடன்!" என்றா.

பொலிஸ்காரன் எவனும் நன்றிப் பக்கம் வாசிப்பதில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அந்தத் தாள் புத்தகத்தின் பக்கமாகவே தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில் ஒருவன் வைத்திருந்த பட்டியலில் என் தம்பியின் பெயர் இருந்தது. அவ்வளவுதான், தம்பி வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. பெயர்களை வரிசையாக எழுதிய எந்தத் தாளைக் கண்டாலும் எனக்கு அந்தச் சாவடிதான் தெரியும்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். பத்தொன்பது பெயர் மேலும் கோடு கீறினேன், என்னுடையது மேலும் கீறினேன். ஓரத்தில் சுழி போட்டேன். அந்தப் பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் பெயரை மட்டும் வெட்டினால் யார் கை என்று பிடிபட்டுவிடும் என்பதுதான் மற்றப் பாதி.

புத்தகம் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தீர்கள். 'பத்தொன்பது பெண்களுக்கும் ஒரு சிநேகிதிக்கும்' என்ற வரி மட்டும் இருந்தது, கீழே வெள்ளை. குளிர்ச்சட்டையும் மாட்டாமல் அச்சகத்துக்கு ஓடினீர்கள். திரும்பி வந்தபோது கையில் அந்த மெய்ப்புத் தாள் இருந்தது. நான் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான் குறிச்சபடிதான் செய்தவையாம்" என்றீர்கள். என்னைப் பார்த்தபடியே தாளை மடித்துக் கோப்பில் வைத்தீர்கள். பிறகு, "என்ரை கண்ணும் சரியில்லை, கையும் சரியில்லை" என்றீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அதன்பின் எலேனாவின் கசெட்டைப் போட்டீர்கள். கடைசிப் பகுதியை வரிக்கு வரி மொழிபெயர்த்து எனக்குச் சொன்னீர்கள்: "கதையை வேறை பேரிலை போடுங்கோ சிஞ்ஞோரா. ஆனா எங்கையாவது ஒரு மூலையிலை என்ரை சொந்தப் பேரையும் போடுங்கோ. எந்தக் கதை என்னுடையது எண்டு ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். ஆனா நான் இருந்தனான் எண்டு தெரியோணும்." இதைச் சொல்லும்போதும் அவள் சிரித்தாள். பத்தொன்பது பேரும் அதையேதான் கேட்டார்களாம். அதைத் தெரிந்துதான் எனக்குப் போட்டுக் காட்டினீர்களா? எத்தனையோ தரம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஒவ்வொருத்திக்கும் உங்கள் கையாலேயே மன்னிப்புக் கடிதம் எழுதினீர்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் எடுத்தது, அந்த விரல்களோடு. பிழை என்னுடையது என்று எல்லாவற்றிலும் எழுதினீர்கள். அவற்றைத் தபாலில் போட்டவள் நான்தான். எலேனாவின் மகள் பதில் எழுதியிருந்தாள். தாய் புத்தகம் வருமுன்பே இறந்துவிட்டாளாம். கோயிலில் எல்லாரிடமும் தன் பெயர் புத்தகத்தில் வருகிறது என்று சொல்லி வைத்திருந்தாளாம். புத்தகம் வந்தபின் மகள்மார் ஒவ்வொரு பக்கமாகத் தேடிப் பார்த்தார்களாம். அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது நீங்கள் அழவில்லை. நான்தான் குசினிக்குள் போய் அழுதேன். இஸ்திரி போடும்போது இன்றைக்கும் அந்தச் சிரிப்புக் கேட்கிறது. கேட்டால் கை நின்றுவிடும்.

போன கிழமை உங்கள் தம்பியின் மகள் கூப்பிட்டாள். புத்தகத்தை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். உங்கள் கோப்பில் இருந்த அந்தத் தாளை மேசையில் வைத்தாள். என் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் நீல மையில், நடுங்கிய எழுத்தில், உங்கள் கையொப்பம் இருந்தது. கோடு உங்களுடையது என்று அன்றைக்கு அச்சகத்தில் எல்லாருக்கும் முன்னால் போட்டீர்களாம், அவள் சொன்னாள். என் கோட்டை உங்கள் கோடாக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் மூன்று வருடம் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தீர்கள். ஐயோ புரொபெசொரேசா, ஒரு ஏச்சு ஏசியிருக்கலாமே.

"இது உங்கடை மாமியின்ரை கையில்லை. கீறினது நான்" என்றேன். அவள் வெள்ளைத் தாள் ஒன்றைத் தந்தாள். கோட்டுக்குக் கீழே பெயர்களை வாசிக்க முடிந்தது, எனக்கு அது தேவைப்படவில்லை. எலேனாவை முதலாவதாக எழுதினேன். பத்தொன்பதையும் எழுதிப் பேனாவை மூடினேன்.

"இன்னும் ஒண்டு இருக்கே, உங்கடை பேர்?" என்றாள்.

என்னிடம் இப்போது பெர்மேசோ இருக்கிறது, பயம் இல்லை. ஆனால் நீங்கள் நன்றி சொன்னது அந்தக் கோட்டைக் கீறுவதற்கு முந்திய ஒருத்திக்கு. அவளுடைய பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.