சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எட்டிப் பார்க்காத கம்பெனி ஜீப் போன வாரம் நம் லைன் வீடுகளுக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு பை, இலவசம். உள்ளே டார்ச், பஞ்சு, டிஞ்சர், மெழுகுவத்தி, ஒரு துண்டு. அவசர காலத்துக்காம்.

துண்டைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். கம்பெனியிலிருந்து விஷவாயு ஒன்றும் கசியாது என்று சாதித்தவர்களுக்கு எங்கள் மூக்கின் மேல் திடீரென்று என்ன அக்கறை? டார்ச்சைப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கொடுத்த அதிகாரி தினமும் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்து போகிறவர். குடும்பத்தை ஏன் இங்கே அழைத்து வரவில்லையாம்?

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, சும்மா கொடுப்பதிலும் நோண்டுகிறாயே என்று கோபித்துக்கொண்டார். நோண்டாமல்? முகமூடி வாங்கியதற்கு உங்கள் கையெழுத்து இருக்கிறது, வாயு கசிந்தபோது நீங்கள்தான் அதைப் போடவில்லை என்று சொல்லித்தானே உங்கள் சாவை உங்கள் தலையிலேயே கட்டினார்கள். அந்த முகமூடியைக் கண்ணால் பார்த்தீர்களா மாமா? எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்தாவது பார்த்தீர்களா?

மறுநாள் சாயங்காலம் பயிற்சி என்று சங்கு ஊதினார்கள். கம்பெனியை விட்டு விலகி ஓட வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. ஷிப்டுக்கு ஊதும் அதே சங்கு. ஓவர்டைம் என்று நினைத்து ஆண்கள் எல்லாரும் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி கேட்டைப் பார்த்து ஓடினார்கள். உங்கள் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த நம் மகன் சேகரும் ஓடினான்.

அவ்வளவுதான் பயிற்சி. நேற்று அதிகாரி ஒரு இங்கிலீஷ் காகிதத்தோடு வந்தார். சேகரைப் படிக்கச் சொன்னேன். 'பையும் பயிற்சியும் பெற்றோம்' என்று இருந்தது. நான் தயங்கினேன்.

"ஒரு கையெழுத்து தானேம்மா. பையன் இன்னும் டெம்பரவரி தானே?" என்றார்.

இருந்தாலும் 'பை வந்தது, பயிற்சி வரவில்லை' என்று தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் படித்தார், பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நூர்ஜஹான் அக்கா தன் பையை ஜீப்பில் வைத்தார்.

"எனக்கு எழுத வராது. அவ எழுதினதையே எனக்கும் எழுதிக்கோங்க" என்றார்.

சேகர் என் மேல் கோபமாக இருக்கிறான். அவன் வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ரேஷன் கார்டு, அவன் மார்க் ஷீட், தண்ணீர் பாட்டில், நனைக்க உங்கள் பழைய வேட்டி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் நானே கட்டி வைத்துவிட்டேன். அடுத்த முறை சங்கு ஊதினால், அவன் என்ன திட்டினாலும் சரி, சட்டையைப் பிடித்து கேட்டுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவேன். இது சத்தியம் மாமா.

உங்களை அந்தக் கடைசி ஷிப்டுக்கு வாசலில் நின்று வழியனுப்பிய,
உங்கள் மனைவி