இறக்கி விடாத வேட்டி

இன்று காலை உங்கள் பிள்ளை பீரோ கண்ணாடி முன்னால் நின்று சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் கூரியரில் வந்த புதுத் துப்பாக்கி உறை. அளவு பார்ப்பதற்காக என் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதற்குள் சொருகியிருந்தான். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ரிவால்வர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அது அவன் பெயருக்கு மாற வேண்டுமென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அம்மா, வெளிய தெரியுதா?"

"தெரியலப்பா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அது பிளாஸ்டிக் உறை, மெலிசு. வாசனையே இல்லாத சாமான். நான் உள்ளே போய் உங்களுடைய பழைய தோல் உறையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தோல், வியர்வை, துப்பாக்கி எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே ஏலக்காய். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் நீங்கள் போன பிறகும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போடிமெட்டு மலைப்பாதை வளைவில் கல்லைப் போட்டு ஜீப்பை மறித்து, டிரைவர் மண்டையை உடைத்து, ஏலக்காய்க்குக் கொடுக்கக் கொண்டுபோன உங்கள் பணப் பையைப் பறித்துக்கொண்டு போனார்களே, அதற்குப் பிறகுதான் நீங்கள் லைசென்ஸுக்கு அலைய ஆரம்பித்தீர்கள். கிடைத்தது. அதுவும் தமிழ்நாட்டுக்கு மட்டும். செக்போஸ்டைத் தாண்டித் தோட்டங்களுக்குப் போகிற நாளில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவீர்கள். "திருடன் பூராம் இந்தப் பக்கந்தான் இருக்கானாக்கும்" என்று நான் கேட்டால் முறைப்பீர்கள்.

உறை வாங்க மதுரைக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். சட்டை நான்தான் எடுக்க வேண்டும் என்று. துப்பாக்கிக் கடைக்காரர் நாலைந்து உறைகளை எடுத்துப் பரப்பினார். நீங்கள் துணியில் தைத்த மெத்தென்ற ஒன்றை எடுத்தீர்கள். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "அது வேணாம் அண்ணாச்சி. சாவி, பேனா ஏதாச்சும் உள்ள இடிச்சா வெனை. விசைய முழுசா மூடணும், கவுத்துப் பிடிச்சாலும் கீழ விழுகக் கூடாது, எடுத்த பெறகும் வாய் மூடாம வெறப்பா நிக்கணும்." அப்படி நின்றது இந்தத் தோல் உறைதான். அதற்கேற்ற பட்டையான பெல்ட்டும் வாங்கினோம். இன்ஸ்பெக்டர் வேறு சொல்லி அனுப்பியிருந்தார், பொது இடத்தில் உறைக்குள் இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது, வண்டியில் விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்று.

வெளியே தெரியக் கூடாது என்பதில்தான் நம் பாடு தொடங்கியது. உங்கள் வெள்ளைச் சட்டைக்குள் அது அப்படியே தெரிந்தது. ஒரு சுற்றுப் பெரிதாக, கெட்டித் துணியில், அடர் நிறத்தில் சட்டைகள் எடுத்தேன். வேட்டியில் நிற்காது என்று பேண்ட்டும் எடுத்தேன். கல்யாண ரிசப்ஷனுக்குப் பிறகு நீங்கள் பேண்ட் போட்டது அன்றுதான். போடி பஜாரே திரும்பிப் பார்த்தது. "என்னண்ணே, மறுபடி பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீகளா?" என்று பலசரக்குக் கடையில் கேட்டார்களாம். ஒளித்து வைக்கப் போட்ட உடுப்பே ஊரைக் கூட்டிவிட்டது. இரண்டே நாளில் கழற்றி எறிந்துவிட்டு வேட்டிக்கு வந்துவிட்டீர்கள்.

வழியைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டினால் இடுப்பைச் சுற்றிக் கூடுதலாக ஒரு மடிப்புத் துணி வருமே, அதற்குள் உறை மறைந்துவிட்டது. மேலே பெரிய சட்டை. "இப்பப் பாரு" என்று என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மடித்துக் கட்டியதை இறக்கி விட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பெரியவர்கள் எதிரே வந்தால் பத்தடி முன்னாலேயே வேட்டியை இறக்கி விடுகிற ஆள் நீங்கள். அந்த மரியாதைக்காகவே உங்கள் ஏலக்காய்க் கடைக்குக் காய் போட்டவர்கள் உண்டு. துப்பாக்கி வந்த பிறகு பெரியவர்களைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனீர்கள். "அண்ணாச்சிக்குத் தலை கனத்துப் போச்சு" என்று என் காதுபடப் பேசினார்கள். வெளியே கிளம்பும்போது நான் உங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, இடுப்பைத்தான் பார்ப்பேன். விசேஷ வீட்டில் யாராவது உங்களைக் கட்டிப் பிடிக்க வந்தால் குறுக்கே போய்ப் பேச்சுக் கொடுப்பேன்.

அப்புறம் பொட்டிப்புரம் துட்டி. உங்களிடம் வெகுகாலமாகக் காய் போட்ட பெரியவர் இறந்த செய்தி, நான் கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்த நேரம் வந்தது. அப்படியே இருவரும் கிளம்பினோம். அந்தப் பெரியவரின் பேரன் அதற்கு முந்தின வாரம்தான் காயின் தரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள் என்று கடையில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தான். வண்டியை நிறுத்தியதும் நான் கேட்டேன், "ஏங்க, இதோட எப்படிப் போவீக?"

"வண்டியில வைக்கக் கூடாதுல்ல. நிமிசத்துல கை கொடுத்துட்டு வந்திருவேன்."

நான் பெண்களோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். அழுகிற மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன். பந்தலில் துட்டிக்குக் கை கொடுக்க வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் வேட்டியை இறக்கி விட்டிருந்தார்கள். நீங்கள் ஒருவர்தான் மடித்துக் கட்டியபடி போனீர்கள். பேச்சு நின்றது. கொட்டு அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பேரன் கையைக் கொடுக்கவில்லை.

"எங்க தாத்தா செத்துக் கெடக்காக. வேட்டிய எறக்கிவிடுங்க."

நீங்கள் ஏதோ முணுமுணுத்தீர்கள். யாரோ ஒரு பெரியவர், "விடுறா ஏலே, துட்டிக்கு வந்த மனுசன்" என்றார். அவன் விடவில்லை. "கடையில வச்சுப் பேசுன திமிரு இங்கனயுமா?" என்று கிட்டே வந்து உங்கள் வேட்டி மடிப்பில் கையை வைத்தான்.

நான் எப்படி எழுந்தேன், யாரை மிதித்தேன் என்பதெல்லாம் தெரியாது. ஆம்பளைகள் நிற்கிற பந்தலுக்குள் புகுந்து உங்கள் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவன் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஐயா, தொட்டுறாதய்யா. அவுகளுக்கு இடுப்புல கட்டி ஆபரேசன் பண்ணிருக்கு. தையல் பிரியலய்யா. வீட்ல இருங்கன்னு சொன்னேன், தாத்தா மொகத்தப் பாக்கணும்னு வந்தாக" என்று கதறினேன். அழுகை பொய் இல்லை. அவன் முகம் அப்படியே மாறிவிட்டது. "தெரியாமப் போச்சு அத்தை" என்றான். நாற்காலி கொண்டுவந்து உங்களை உட்கார வைத்தான்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினீர்கள். பிறகு, "ஆபரேசனா? எங்கருந்துத்தா அப்படி ஒரு பொய் வந்துச்சு ஒனக்கு?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதற்கப்புறம் ஒரு மாசம் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வீடு தேடி வந்தன. ரிவால்வரை நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். பிறகு எடுக்கவே இல்லை. கடைசியில் எந்தத் திருடனும் வரவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். "அப்பா வச்சிருந்தாகல்லம்மா? ஒன்னும் ஆகலையே" என்றான். அப்போதுதான், உங்களிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவனிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

துட்டி வீட்டில் அந்தப் பேரன் மடிப்பில் கை வைத்தபோது உங்கள் வலது கை சட்டைக்கு அடியில் போனது. உறையின் மேல் வார் பட்டன் திறக்கிற சத்தம், கொட்டு நின்றுபோயிருந்த அந்த இடத்தில், வாசல்படிக்கு வந்துவிட்ட எனக்குத் தெளிவாகக் கேட்டது. உங்களைக் காப்பாற்றத்தான் நான் ஓடி வந்தேன் என்று ஊரே பேசியது. நான் ஓடி வந்தது அந்தப் பேரனுக்காக. நீங்கள் எடுத்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்களோடு இத்தனை வருஷம் வாழ்ந்தும் எனக்குத் தெரியாது. அப்பாவை அவன் முன்னால் குறைத்துப் பேசும்படி ஆயிற்றே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் எழுந்து கடைக்குப் போய்விட்டான்.

நீங்கள் இருந்தபோதே, போன தையில், பொட்டிப்புரத்துப் பேரனுக்குக் கல்யாணம். பத்திரிகை நம் இருவர் பெயருக்கும் வந்தது. நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நீ மட்டும் போயிட்டு வாத்தா" என்றீர்கள். அந்தப் பட்டன் சத்தம் உங்களுக்கும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தாலி கட்டி முடித்துப் பெண்ணோடு வந்து அவன் என் காலில் விழுந்தான். அவன் தோளைத் தொட்டுத் தூக்கினேன், கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றேன். "என்னத்தை அழுகுறீக?" என்று சிரித்தான்.