வெற்றிலை போட்ட வாய்

என் செல்ல மகன் ஜெரோமுக்கு,

அங்கேயும் எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பாய். புனிதர்களாவது பொறுமையாகப் பதில் சொல்கிறார்களா?

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு இந்த வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை. அம்மா ஒன்றும் கேட்பதில்லை. நான் மட்டும் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருக்கிறேன். மாத்தளை – கண்டி பஸ்ஸில் கண்டக்டராகக் கத்தின வாய், வேலையை விட்டதும் ஓயுமா?

உன் வேலை எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. பெரிய முதலாளிமாரோடு உட்கார்ந்து, தொழிலை எப்படி நடத்துவதென்று அவர்களையே யோசிக்க வைப்பது, அதற்குச் சம்பளம். எட்டாம் வகுப்போடு நின்ற மண்டையில் அது எங்கே ஏறும்? சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒன்றாகப் போன அன்று, கண்டி ரோட்டில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்த்தார்களே, ஞாபகமா? ஆமிக்காரன் உன்னைக் காட்டி, மகனுக்கு என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். "கேள்வி கேக்கிற வேலைங்க மாத்தயா" என்றேன். "அப்ப நம்ம வேலைதான்!" என்று சிரித்தான். நீயும் சிரித்தாய். எனக்குத்தான் பயத்தில் சிரிப்பு வரவில்லை.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த கிழமை சிவராசா முதலாளி வீட்டுக்கு வந்தார். அதுதான், சீகிரியாவில் ஹோட்டல் வைத்திருக்கிறவர், சனிக்கிழமைகளில் நீ போய்ப் பேசிக்கொண்டிருந்தவர்.

"அண்ணே, ஹோட்டலை மூடப் போறேன்னு தம்பிகிட்டச் சொன்னேன். 'மூடணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?'ன்னு கேட்டுட்டு, யோசிச்சு வைங்க, அடுத்த சனிக்கிழமை பேசுவோம்னுட்டுப் போனாரு. யோசிச்சு வச்சிருக்கேன். இப்ப யார்கிட்டண்ணே சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லுங்க." வாய் தவறி வந்துவிட்டது.

அவர் தொடங்கினதுமே எனக்குப் புத்திமதி தொண்டைவரை வந்தது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் சுற்றிப் பார்க்க வருவானா, விற்றுத் தொலையுங்கள் என்று சொல்லத் துடித்தேன். கதவடியில் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "வாயில போட்டுக்கிட்டு சும்மா இருங்க."

போட்டேன். வந்தவர் முன்னால் துப்பவும் முடியாது, பேசவும் முடியாது.

முதலாளி பேசினார், நிறுத்தினார், தரையைப் பார்த்தார், மறுபடி பேசினார். மூடச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம். அவருடைய பயம்தான் சொன்னதாம். சமையல்காரரையும் வேலை செய்யும் பொடியன்மாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே தீர்மானித்துவிட்டாராம். "நாளைக்கு அவங்களைக் கூட்டி வச்சுக் கேக்கிறேன்" என்று எழுந்தவர், என் இரண்டு கையையும் பிடித்து, "நல்ல புத்தி சொன்னீங்கண்ணே" என்றார். நான் ஒரு எழுத்துப் பேசவில்லை மகன்!

ஹோட்டல் மூடவில்லை. அறைகள் காலிதான், சமையலறை ஓடுகிறது, கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் போகிறது. பொடியன்மார் சொன்ன யோசனை. சனிக்கிழமை ஆனால் முதலாளி வந்துவிடுகிறார். மாத்தளைக் கடைத்தெருவிலிருந்து இன்னும் இரண்டு முதலாளிமாரும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். என் பல்லெல்லாம் சிவந்துபோயிற்று. காலையில் எழும்ப எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அது உன்னுடைய காரணம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நீ இருக்கும்போதே எனக்கு இது விளங்கியிருக்கக் கூடாதா?

நீ என்னையும் கேட்டாயே. ஒரு ஞாயிறு, கோயிலிலிருந்து நடந்து வரும்போது. "அப்பா, வேலையும் விட்டாச்சு. இனிமே உங்களுக்கு என்னதான் ஆசை?"

"நல்ல கருவாடு ஒரு கிலோ" என்றேன்.

சிரித்தாய். திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த கிழமை கருவாட்டோடு வந்தாய். நானும் சப்புக்கொட்டித் தின்றேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு சனிக்கிழமை உன்னோடு சீகிரியாவுக்கு வந்து, நீ வேலை செய்வதை ஓரமாக உட்கார்ந்து பார்க்க ஆசை மகன். அன்றைக்கே சொல்லியிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பாய், இல்லையா?

வருகிற சனிக்கிழமை முதலாளி என்னை ஹோட்டலுக்கே வரச் சொல்லியிருக்கிறார். நீ உட்காருகிற நாற்காலியை அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்களாம். அதில் உட்காரமாட்டேன். பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறேன். அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன், சத்தியம். வெற்றிலை மடித்துத் தர அம்மா இருக்கிறாள்.

சிவந்த பல்லோடு,
உன் அப்பா