உடைந்த தட்டுகள் ஏணி ஏறிய மத்தியானம்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், கடைக்கும் ஒரு குறையும் இல்லை. உன் முட்டியும் இடுப்பும் நலமா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

நேற்று மத்தியானம் நம் பழைய சாமான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் அப்பாவும் ஒரு பேசாத படம் பார்த்தோம். பதினோரு நிமிஷப் படம், இரண்டு தடவை. வியாபார நேரத்தில் அம்மாவா ஷட்டரை இறக்கினாள் என்று நீ நம்பமாட்டாய், நானேதான் இறக்கினேன். வீட்டைக் காலி செய்த யாரோ மொத்தமாகத் தள்ளிவிட்ட சாமான்களோடு ஒரு பழைய புரொஜெக்டரும் ஏழு தகர டப்பாக்களும் வந்திருந்தன, டப்பாவுக்குள் விரல் அகலத்தில் சினிமா பிலிம். எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கிரேன் என்று நாம் கூப்பிடுகிற நம் லோடுமேன் போன வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே இந்தக் கதையைப் பல் டாக்டரிடம் உளறியிருக்கிறான். அந்த டாக்டருக்கு இப்படிப்பட்ட பிலிம்களைச் சேர்ப்பதில் பைத்தியமாம். மறுநாளே வந்து நின்றார். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து மூக்கை வைத்து மோந்தார், புளிச்ச வாடை அடித்தால் பிலிம் கெட்டுவிட்டது என்று அர்த்தமாம். ஏழாவது டப்பாவைத் திறந்ததும் கை நடுங்கியது. நடுங்குகிற கையைப் பார்த்தால் எனக்கு விலை தெரிந்துவிடும், அது உனக்கும் தெரியும். "ஒண்ணுமில்லம்மா, வீட்ல பசங்க பாக்கட்டுமேன்னுதான்" என்றார். "உங்களுக்குத்தான் பிள்ளையே கிடையாதே டாக்டர்" என்றேன். மனுஷன் காது வரை சிவந்துபோனார்.

பிளக் வைத்த எந்தச் சாமானையும் ஓட்டிக் காட்டாமல் நான் விற்பதில்லை. அதனால்தான் நேற்று டாக்டரையும் கிரேனையும் கூட வைத்துக்கொண்டு அந்த ஏழாவது டப்பாப் படத்தை ஓட்டினோம். அப்பா தையல் மெஷின் பெல்ட்டை வெட்டிப் போட்டுப் புரொஜெக்டருக்கு உயிர் கொடுத்தார். வரிசையாக நின்ற மூன்று பீரோக்களின் மேல் வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டோம், விற்பனைக்குக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தோம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒல்லியான ஒருவன், இறுக்கமான கோட்டு, பீங்கான் கடையில் அவனுக்கு முதல் நாள் வேலை. முதலாளி தட்டுகளை அடுக்கி அவன் கையில் கொடுத்து ஏணிமேல் ஏறி வைக்கச் சொல்கிறார். நான் கடைக்காரி, எனக்குக் கண் தட்டுகளின் மேல்தான், எண்ணிவிட்டேன், நாற்பத்தொன்று. அவன் ஏறுகிறான், ஏணி சாய்கிறது, அடுக்கு வளைகிறது, அவன் காலால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான், ஒரு தட்டும் விழவில்லை. பத்து நிமிஷம் இப்படியே ஆட்டம் காட்டிவிட்டு, பத்திரமாகக் கீழே இறங்கி, தட்டுகளை மேஜையில் வைத்து, முதலாளிக்குக் குனிந்து வணக்கம் போடுகிறான். பின்பக்கம் ஏணியில் இடித்து ஏணி மேஜைமேல் விழுகிறது. போச்சு, நாற்பத்தொன்றும் போச்சு. தடுக்க ஓடியவனும் எதிர்ச்சுவர் ஓரம் இருந்த கூடைகளுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தான். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர். கிரேன் என்றைக்காவது சிரித்து நீ பார்த்திருக்கிறாயா? அவன் கட்டிலைக் குத்திக் குத்திச் சிரித்தான், டாக்டர் ஒருபக்கம் "சிரிக்காதய்யா, போட்ட தையல் பிரிஞ்சிடும்" என்று கத்திக்கொண்டே அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம். படம் முடிந்ததும் பிலிமைப் பழைய சக்கரத்துக்கே திருப்ப வேண்டும் என்று நான் ஒரு நெம்புகோலைத் தள்ளிவிட்டேன், விளக்கை அணைக்கத் தெரியவில்லை. படம் பின்னாலிருந்து ஓட ஆரம்பித்தது. "ஐயோ, பழைய பிரிண்ட்டும்மா, நிறுத்துங்க" என்று டாக்டர் எழுந்தார், அப்பா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து "இருங்க சார், இருங்க" என்றார். தரையில் கிடந்த துண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டித் தட்டாகி மேஜையில் அடுக்காக நின்றன. கூடைக்குள் கிடந்தவன் காற்றில் மேலே கிளம்பி வந்து இரண்டு காலில் நின்றான், பிறகு அதே தட்டுகளை ஏந்திக்கொண்டு ஏணியில் ஏறினான். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. முதலில் ஓடியபோது சிரித்துச் சிரித்து அதை விட்டுவிட்டேன். அவன் நிமிர்ந்து நின்ற அந்த இடத்தில் அவன் பார்வை ஒரு நொடி அந்தக் கூடையைத் தொட்டுவிட்டு வந்தது. அதாவது விழுவதற்கு முன்னாலேயே எங்கே விழப்போகிறோம் என்று பார்த்து வைத்திருக்கிறான். தாடையை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறான், இடது கை முதலில் கூடை விளிம்பைத் தொட்டிருக்கிறது. நான் விழுந்துவிட்டான் என்று நினைத்த ஒவ்வொரு இடமும் அளந்து வைத்த இடம். இவன் பேர் என்ன என்று டாக்டரைக் கேட்டேன். "யாருக்கும் தெரியாதும்மா, பேர் போட்ட துண்டு எப்பவோ அறுந்துபோச்சு" என்றார். பேர் இல்லை, குரல் இல்லை, ஆள் செத்து எத்தனையோ காலம், என் கடைக்குள் வந்து என் வாயை அடைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஒன்பது வயதில் நீ கடைப் பரணிலிருந்து மெத்தை அடுக்கின்மேல் நூறு தடவை விழுவாய். விற்கிற மெத்தை கசங்குகிறது என்று முதுகில் ஒன்று வைத்தேன். அப்போதும் நீ தாடையை நெஞ்சோடு ஒட்டித்தான் விழுந்தாய், அது நேற்று ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வந்தது. நீ அந்த நகைச்சுவைக் குழுவில் சேர்ந்தபோது, விழுந்து காட்டிப் பிழைக்கவா உன்னைப் பெற்றேன் என்று கேட்டேன். நாலு வருஷமாக உன் ஒரு காட்சியைக்கூட வந்து பார்க்கவில்லை. போன மாதம், குழுவோடு உள்ள ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வந்து கடைச் சாவியை வாங்கிக்கொள், இல்லையென்றால் கடையை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடுவேன் என்று எழுதினேன். நீ அப்பாவுக்கு மட்டும் "யோசிக்கிறேன்" என்று ஒரு வரி போட்டாய். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாமே. மன்னிப்புக் கேட்டு எழுத எனக்குக் கை வராது, உனக்கே தெரியும். எடை தப்பாகப் போட்டுவிட்டேன் என்று எழுதுகிறேன், வியாபாரிக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கையெழுத்துப் போடு. போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை எழுத்து விடாமல் படி, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று இருக்கிறதா பார், இல்லையென்றால் எழுதச் சொல், வாய்வார்த்தையை நம்பாதே. கடையைப் பற்றிக் கவலைப்படாதே, என் கை கால் ஓடுகிற வரை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஏழாவது டப்பாவை டாக்டருக்கே கொடுத்துவிட்டேன், அவரிடம் வெயில் படாத அறை இருக்கிறது. நடுங்கிய கைக்குக் கேட்டிருக்க வேண்டிய விலையில் பாதிதான் வாங்கினேன், நீ வரும்போது பிலிமைக் கொண்டுவந்து முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. "பின்னால ஓட்டினா கிழியும்மா" என்று கெஞ்சினார், நான் விடவில்லை.

நீ எங்கே விழுந்தாலும் பூப்போல விழு, சிரித்த முகத்தோடு எழுந்திரு, நூறு வயது இரு. முட்டிக்குத் தைலம் போட மறக்காதே. அடுத்த மாதம் நானும் அப்பாவும் வருகிறோம். இரண்டு டிக்கெட், முன்வரிசையில், நீ விழுகிற பக்கமாக. என் அம்மா என்று சொல்லி இலவசமாக வாங்கிவிடாதே. பலகையில் போட்டிருக்கிற முழு விலை, பேரம் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா