சம்பந்தி வராத பதினேழு நாள்

கோட்டூர்புரம்
வியாழக்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு நைனா எழுதுவது. நானும் உங்கம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், உன் மகள் கயலுக்கு இப்போது உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட் வெயிலில் உருகி ஓடிவிடாமல் முழுசாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் வீடியோவில் மூஞ்சியைப் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே ஜோக்கடித்துத் தப்பித்துவிடுவேன், உனக்கே தெரியும். தாளில் அப்படி ஓட முடியவில்லை. கீழ்வீட்டு ஷாஹுல் ஹமீது பாய் நாளைக்கு மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், அவர் கையில் இதையும் அம்மா அரைத்த பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை அப்புறம் பிரி, முதலில் இதைப் படி.

குழந்தையை எங்களிடம் விட்டுப் போகும்போது பிரிட்ஜில் பதினோரு விதி எழுதி ஒட்டிவிட்டுப் போனாயே, அதை நான் அரசாணையாகவே ஏற்றுக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு அம்மா அடையாறு ஹாஸ்டல் சமையலுக்குக் கிளம்பிவிட்டால் இந்த ஹவுசிங் போர்டு சாம்ராஜ்யத்தின் சுகாதார அமைச்சர், செயலாளர், துடைப்பம் பிடிக்கிறவன் எல்லாம் நானே. பினாயில் ஊற்றித் துடைத்ததில் தரையில் இருந்த மொசைக் பூ உதிர்ந்துவிட்டது, எறும்புகள் குடும்பத்தோடு சைதாப்பேட்டைக்கு வீடு மாறிவிட்டன. கிருமி சாகட்டும் என்று கயலின் பொம்மை நாயைக் குக்கரில் போட்டு மூணு விசில் விட்டேன். கிருமி செத்ததா தெரியாது, நாய் போய்விட்டது. இந்த சாம்ராஜ்யத்துக்கு இருந்த ஒரே எதிரி உன் மாமனார்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வியாபாரம் முடிந்ததும் பதினோரு மணிக்கு டாணென்று வாசலில் நிற்பார். மணல் ஒட்டியிருக்கும் என்று காலைக் கழுவுவார். கையை மட்டும் லுங்கியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அப்படியே குழந்தையைத் தூக்கிவிடுவார். பெண்ணைக் கொடுத்தவன் நான், சம்பந்தியைப் பார்த்துக் கையைக் கழுவுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? வாசலில் கயிறு கட்டி சோப்பைத் தொங்கவிட்டேன். "இன்னா சம்பந்தி, சோப்பைத் தூக்குல போட்டுக்கீறீங்க, அது இன்னா தப்பு பண்ணுச்சு?" என்று விசாரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். கடைசியில் குழந்தையைத் தூது விட்டேன், கயலு, தேசப்பன் தாத்தாவைக் கை கழுவச் சொல்லு என்று. அவரும் அவளிடமே பதில் சொன்னார்: "கயலு, உங்க தாத்தாகிட்ட சொல்லு, அம்பது வருசம் உப்புத் தண்ணில ஊறுன கையி இது, இதுல எந்தப் பூச்சி வந்து குடித்தனம் பண்ணும்?" பேச்சே வராத ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை நடுவில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு கிழவன்களையும் மாறி மாறிப் பார்த்தது.

சோறு ஊட்டுவதுதான் பெரிய போர். கிழங்கான் மீனைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொள்வார், நாக்கால் துழாவி முள் இல்லை என்று தெரிந்த பிறகு அதையே எடுத்துக் கயல் வாயில் வைப்பார். யார் எச்சிலும் கூடாது என்பது உன் ஏழாவது விதி. எனக்கு உடம்பெல்லாம் கூசும். "முள்ளு கண்ணுக்கு மாட்டாது சம்பந்தி, நாக்குக்குத்தான் மாட்டும். உங்க மாப்ளய இப்டித்தான் வளத்தேன், இன்னா கெட்டுப்பூட்டான்?" என்பார். மாப்பிள்ளை கெட்டுப்போனார் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? குழந்தையோ அவர் கையால் கடலையே காலி பண்ணுகிற மாதிரி சாப்பிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கயலுக்குப் பேதியும் காய்ச்சலுமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்களே, அன்றைக்கு டாக்டரம்மா, வெளியில் ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் உடனே கூட வந்திருந்த சம்பந்தி பக்கம் விரலை நீட்டி, டாக்டரம்மா, இவர்தான் வாயில் வைத்து எடுத்ததைக் குழந்தைக்குக் கொடுக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால் அந்தச் சின்ன வயசு டாக்டர் பெண் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியது. அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அதை நான் பெருமையாக உனக்கு வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்பினேன். மாப்பிள்ளை கேட்டுவிட்டு அவருக்குப் போன் போட்டு, "இனிமே என் கொழந்தயத் தொடாத, அந்த வூட்டுப் பக்கமே போவாத" என்று கத்தினாராம். அதோடு அவர் வரவில்லை. இன்றோடு பதினேழு நாள்.

மணி, ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கயலைத் தூக்கிக்கொண்டு அவளுக்குக் கவுன் எடுக்க தி.நகர் போனேன். தெருவோரத்தில் எனக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கினேன், ஐஸ் போட்டது. அவள் கையை நீட்டினாள். அரை கிளாஸ் குடித்தாள். குடித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தி.நகர் முழுக்க விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவளோடு ஒப்பந்தம் வேறு போட்டுக்கொண்டேன், பேசத் தெரியாத கூட்டாளி. டாக்டர் கேட்ட அந்த நிமிஷம் அது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்ததால்தான் விரல் அவ்வளவு வேகமாக அந்தப் பக்கம் போனது. அந்த ஜூஸ்தான் காரணமா என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அவர் எச்சிலாகவும் இருக்கலாம். ஆனால் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது, அதை மறைத்துவிட்டு அவரைக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கத்தான் பட்டினப்பாக்கம் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். கடையில் அவருடைய மூத்த மருமகள் மீன் வெட்டிக்கொண்டிருந்தது, இவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார், நகக்கண்ணைக்கூடத் தேய்த்தார். திரும்பி வந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு, "கொழந்த சாப்புடுதா சம்பந்தி?" என்று கேட்டார். மனப்பாடம் பண்ணினது எல்லாம் போயே போய்விட்டது. சாப்பிடுகிறது என்று பொய் சொன்னேன். மருமகளிடம் சொல்லி நடுமுள் எடுத்த மீனைக் கவரில் போட்டுக் கொடுக்கச் சொன்னார், தன் கை படாமல். அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான் என் வீரம். வீட்டில் கண்ணாடி போட்டு, டார்ச் அடித்து, அந்த மீனை ஆராய்ந்து ஊட்டினேன். நான் தவறவிட்ட முள்ளைக் கயல்தான் கண்டுபிடித்துத் துப்பினாள். ஏற்கனவே சரியாகச் சாப்பிடாதவள், அதிலிருந்து என் ஸ்பூனைப் பார்த்தாலே வாய்க்குப் பூட்டு. பதினோரு மணிக்கு வாசலில் போய் நிற்கிறாள், கூப்பிட்டால் வருவதில்லை. அம்மாவிடமும் அந்த ஜூஸ் விஷயத்தை நேற்றுத்தான் சொன்னேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கயலைத் தூக்கிக்கொண்டு போய், மருமகள் முன்னாலும் மீன் வாங்க வந்தவர்கள் முன்னாலும் அவரிடம் சொல்லப் போகிறேன், நாலு பேர் முன்னால்தானே அவரைத் தலைகுனிய வைத்தேன். வாயில் வைத்து எடுத்து ஊட்டுவது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்கிற யோக்கியதையை நான் தொலைத்துவிட்டேன். நீ நர்ஸ், அவர் மருமகள், நீ பதமாகச் சொன்னால் கேட்பார். எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ரெண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு, டூட்டி முடிந்து வெறுங்காலோடு ஏசியில் படுக்காதே. மறக்காமல் ஒன்று செய், நீ படித்ததும் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்துவிடு, அவர் என்னைத் திட்டினால் நடுவில் வராதே. சனிக்கிழமைக்குள் அவர் தன் அப்பாவுக்குப் போன் போட வேண்டும். அன்றைக்குக் கடையில் சம்பந்தி தன் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தராசுப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் நின்ற கொஞ்ச நேரத்தில் மூணு தரம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

உன் நைனா
தங்கவேல்