கசியாத பாட்டில்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே மப்பு. ஆடிக் காற்று பேயாட்டம். மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டு ஆன்ட்டெனாவில். கேஸ் புக் செய்ய வேண்டும். மிக்ஸி ஜாருக்கு வாஷர்.

லேபில் புது வேலை. எங்கள் டாக்டரம்மா (இனி டா.அ.) அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் பேசுகிறார். மலைப் பெண்களின் மார்புக் கட்டிகளைப் பற்றி. கல்வராயன் மலையிலிருந்து வரும் கட்டிகளில் ஈ.ஆர். அநேகமாக இல்லை என்றே வருகிறதாம். நம்ம கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், எலவனாசூர்கோட்டைப் பெண்களுக்கு அப்படி இல்லை. "ஷமீம், நல்ல ஸ்லைடா பாத்து படம் எடுத்து வைங்க. பளிச்னு நீலமா இருக்கணும்."

ராத்திரிச் சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னேன். இவர் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "இன்னாது அது ஈ.ஆர்.?" இருபது வருஷம் என்னோடு குடித்தனம், இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. சொன்னேன். பெண் ஹார்மோன் செல்லுக்குள் போனால் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம். பிடித்ததும் இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ. மேல் போய் உட்கார்ந்து, பெருகு பெருகு என்று செல்லை முடுக்கும். அந்தப் புரதம்தான் ஈ.ஆர். கட்டியில் அது இருந்தால் நான் போடும் சாயத்தில் செல்லின் உட்கரு காப்பித்தூள் நிறமாகும். இல்லாவிட்டால் வெறும் நீலம். இருந்தால் தினம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில், கேன்சர் அடங்கும். இல்லாவிட்டால் அந்த மாத்திரை வீண், கீமோ ஊசிதான்.

"அப்ப மலைக்காரங்களுக்கு ஏன் இல்ல?"

டா.அ. சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். புரதத்தைச் செய்யும் ஜீன் இருக்கும், ஆனால் அதன் மேல் மீத்தைல் என்று ஒன்று ஒட்டி வாயை அடைத்துவிடும். மலை ஜனங்களுக்கு அது ஜாஸ்தியோ என்று சந்தேகம். இவர் "ஓஹோ" என்றார். ரசம் கேட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, நடந்தே போனேன்.

அலமேலு என்கிற பெண்ணின் ஸ்லைடு. போன வருஷத்தது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். வயது 39. மலை மேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் செவ்வாய்தோறும் வரும் சர்ஜன் ஊசியால் குத்தி எடுத்த சதை. ஈ.ஆர்., மற்ற இரண்டு பரிசோதனை, மூன்றும் நெகட்டிவ். படத்துக்கு ஏற்ற நீலம்.

ஃபோகஸ் செய்யும்போது ஓரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சாதாரணப் பால்குழாய், குறுக்கே வெட்டுப்பட்டு, வளையல் மாதிரி. கேன்சர் இல்லாத நல்ல குழாய். குத்தி எடுக்கும் சதை நூல் போலத்தான் இருக்கும், நல்ல குழாய் கூடவே வருவது அபூர்வம்.

அதுவும் நீலம்.

நல்ல குழாயில் அங்கங்கே சில செல்லாவது காப்பி நிறம் காட்ட வேண்டும். எந்தப் பெண்ணுக்கும். மலையோ தரையோ. பெண் என்று பிறந்தவளுக்கு அது இல்லாமல் இருக்காது.

என் சாயம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதே கண்ணாடியின் மறுமுனையில் நாங்கள் ஒத்துப்பார்க்க வைக்கும் வேறொருத்தியின் சதை பளபளவென்று காப்பி நிறம். சாயம் சரி. அப்படியென்றால்?

அவள் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையை எடுத்துப் புதிதாக வெட்டி மறுபடி போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வாஷர் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடியும் நீலம். குழாயும் நீலம்.

பெரிதாக்கிப் பார்த்தால் உட்கருவின் ஓரமே சரியில்லை. ஊறி, மங்கி, கரைந்தாற்போல. சதை கெட்ட பிறகு மருந்தில் விழுந்திருக்கிறது. ஈ.ஆர். மாதிரிப் புரதத்துக்கு ஆயுசு கம்மி. சதையை எடுத்தவுடன் அந்த மருந்தில், ஃபார்மலினில், போட வேண்டும். கட்டியில் ஈ.ஆர். இல்லாமலில்லை. இருந்தது. நாங்கள் பார்ப்பதற்கு முன்னால் செத்துவிட்டது.

டா.அ.விடம் காட்டினேன். ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையையே தூக்கவில்லை. தூக்கினபோது முகம் வெளுத்திருந்தது. "இந்தக் குழாயை நான் எப்படிப் பாக்காம விட்டேன்?" என்றார். நானும்தான் பார்க்காமல் விட்டேன். 

"மத்த மலை கேஸ் எல்லாம் எடுங்க."

எடுத்தோம். நிறைய ஸ்லைடில் நல்ல குழாயே இல்லை, அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. இருந்த இரண்டில் இரண்டும் நீலம். டா.அ. கருத்தரங்குக் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பாட்டில் எப்படி வருது?" என்று கவுன்டரில் இருக்கும் கலாவைக் கேட்டார். மலையிலிருந்து சொந்தக்காரர்கள்தான் கையோடு கொண்டுவருவார்கள். கலா, "மலை பாட்டிலா மேடம்? அவுங்கதான் இருக்கறதுலயே சுத்தம். ஒரு சொட்டு கசியாது" என்றாள்.

போன வருஷ ரெஜிஸ்டரை எடுத்து என் மேஜையில் வைத்துக்கொண்டேன். 

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

ரெஜிஸ்டரில் அலமேலுவின் புருஷன் அண்ணாமலை நம்பர். போட்டேன். லேப் என்றதும் பயந்துபோய், "இன்னாங்க மேடம்?" என்றார். போன வருஷம் பாட்டிலை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"நல்லபடியாதாங்க கொண்டாந்தேன்."

"உள்ள மருந்து இருந்ததுல்ல, கண்ணு எரியுமே, அது?"

"அத்த மலை மேலயே ஊத்திட்டங்க. ஜீப்பு வளைவுல ஆடும் இல்லீங்களா, கசியும். கசிஞ்சா நீங்க வாங்க மாட்டீங்களாமே. அதனால கீழ எறங்கி, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு கொழாயில நல்ல தண்ணி புடிச்சி ஊத்திக்கினு வந்தங்க. அன்னிக்கு மழ, பஸ்ஸு இல்ல. மச்சான் வூட்ல படுத்துட்டு காலையில வந்தேன்."

யார் சொன்னது அப்படிச் செய்யச் சொல்லி?

"சடையண்ணன்தாங்க. மலையில எல்லாரும் அப்பிடித்தாங்க கொண்டாராங்க. தப்புங்களா?"

 தப்பு இல்லை என்றேன். வாயில் அதுதான் வந்தது.

சடையனை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் இருக்கும். மனைவி ராமாயியின் சதையோடு வந்தார். பாட்டில் மூடி சரியில்லை, பாதிக்கு மேல் பையில் சிந்தியிருந்தது. கவுன்டர் பூராவும் நெடி, எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். நான்தான் கத்தினேன். "இப்பிடிக் கொண்டாந்தா எவன் வாங்குவான்? போய் நாளைக்கு ஒழுங்கா கொண்டா." என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. பையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை வந்தார். பாட்டில் துடைத்து வைத்தாற்போல, உள்ளே தெளிவாக. "பாத்தியா, இதான் ஒழுங்கு" என்றேன். பாராட்டினேன்! அன்றைக்கே என் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: கசியும் பாட்டில்கள் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது. ஸ்கெட்ச் பேனாவில், கீழே இரண்டு கோடு போட்டு.

வந்த பாட்டிலைத் திறந்து கலா அதில் இருப்பதைக் கொட்டிவிட்டு எங்கள் ஃபார்மலினில் மாற்றுவாள். வாசனை வித்தியாசம் தெரியாதா என்றால், அந்த அறையில் எங்கள் மூக்கு செத்துப் பல வருஷம்.

ஜீனில் தேடினோம். பஸ் ஸ்டாண்டு குழாயில் இருந்தது.

அண்ணாமலை கடைசியில் சொன்னது: மார்பை எடுத்தாயிற்று, வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கேயும் எங்கள் ரிப்போர்ட்டை நம்பி மறுபடி பார்க்கவில்லை. மாத்திரை கேட்காது, ஊசி மட்டும் என்றார்கள். இரண்டு ஊசியோடு அலமேலு முடியாது என்று வீட்டோடு இருந்துவிட்டாள். "இப்ப அக்குள்ல ஒண்ணு தட்டுப்படுதுங்க. சொன்னா வர மாட்றா. அதான் மருந்தே இல்லன்னுட்டாங்களே, இன்னாத்துக்குன்றா."

மருந்து இல்லை என்று சொன்னது நான். அச்சடித்து, கவரில் போட்டு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நோட்டீஸைக் கிழித்தேன். பாதிதான் வந்தது, கோந்து அவ்வளவு. 'மாட்டாது' மட்டும் சுவரில். கத்தியால் சுரண்டினேன்.

டா.அ. மலை ஆஸ்பத்திரியோடு பேசினார். செவ்வாய் சர்ஜன் வரும்போது அலமேலுவின் அக்குள் கட்டியில் மறுபடி குத்தி எடுக்க ஏற்பாடு. பாட்டிலோடு நானே போகிறேன் என்றேன். "நீங்க ஏன், யாரையாவது அனுப்பலாமே" என்றார். பாட்டில்களை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தேன். அவரே, "சரி, போங்க" என்றார்.

நேற்று ராத்திரியே இவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். ஜும்மா முடிந்து வந்து பிரியாணி கேட்டார். செய்தேன், உப்புப் போடவில்லை. ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நீ வேணும்னா பண்ண?" என்றார். இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கத்தினேனே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை பஸ். கோமுகி அணை தாண்டியதும் வளைவுகள். மடியில் பாட்டில் மூன்று, ஒவ்வொன்றும் இரட்டை மூடி, மேலே டேப், ஜிப் கவர். ஆனாலும் ஒரு வளைவில் என் கை தன்னால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் முறைத்தார். "இன்னா மேடம் நாத்தம்? பெட்ரோலா?" அடையாள அட்டையைக் காட்டினேன். அண்ணாமலையிடம் என்ன அட்டை இருந்தது காட்ட?

மேலே குளிர். சாமை வயல். ஆஸ்பத்திரி வாசலில் அலமேலு, தலைக்குத் துண்டு. என் வயசுதான் இருப்பாள் என்று பட்டது; ஏழு வயது சின்னவள். அண்ணாமலை அவள் பின்னாலேயே, தப்பு செய்த பிள்ளை போல.

முதலில் அவளிடம் சொன்னேன். போன வருஷ ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம். பாட்டிலில் தண்ணீர் இருந்ததால் இருந்திருக்கலாம். தப்பு உன் வீட்டுக்காரர் மேல் இல்லை, கசிந்தால் வாங்க மாட்டோம் என்று எழுதி ஒட்டியது நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். "இந்தாளு அன்னிக்கு ஊட்டுக்கு வந்து, ஒரு சொட்டு சிந்தல அலமேலுன்னு எவ்ளோ பெருமையா சொன்னாரு தெரியுமா." அண்ணாமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மறுபடி பாத்து, இருக்குதுன்னு வந்தா?" என்றாள்.

மாத்திரை உண்டு என்றேன். எப்படி வேலை செய்யும் என்று கேட்டாள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிப்போமே, அப்படி. மாத்திரை முதலில் போய் அந்த இடத்தில் துண்டைப் போட்டுவிடும். ஹார்மோன் வந்து பார்த்தால் சீட்டு இல்லை. கட்டிக்கு உத்தரவு போகாது.

"துண்ட எடுத்துப் போட்டுட்டு உக்கார மாட்டானா?"

சில வேளை உட்காருவான் என்றேன். பொய் சொல்ல மனசில்லை. முதல்தடவையாகச் சிரித்தாள். "அதுக்குத்தான் தெனமும் போடணுமா?"

சர்ஜன் குத்தினார். சதை ஊசியிலிருந்து நேரே மருந்துக்குள். நேரம் எழுதினேன்: 11.20. அண்ணாமலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகியதும், "நான் புடிச்சிக்கினு வரட்டுங்களா கீழ வரைக்கும்?" என்றார். கொடுத்தேன். கச்சிராயபாளையம் வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நெடிக்குக் கண்ணில் தண்ணீர், துடைக்கவே இல்லை. அந்தக் குழாயைத் தாண்டும்போது இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

ஆகஸ்ட் 13, புதன்

சதை மருந்தில் ஊறுகிறது. அவசரப்படுத்தக் கூடாது. மிக்ஸிக்கு வாஷர் வாங்கியாயிற்று. கேஸ் வந்தது. ரெஜிஸ்டரில் மலைப் பெயர்களைத் தனிக் காகிதத்தில் எழுதினேன். ஈ.ஆர். இல்லை என்று நான் சாயம் போட்டு அனுப்பியவர்கள். காகிதம் ஒரு பக்கத்தில் முடியவில்லை. திருப்பினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது, உயிர் போய் வந்தது.

மூன்றரைக்கு ஸ்லைடு ரெடி. டா.அ. முதலில் உட்காரவில்லை. "நீங்க பாருங்க ஷமீம்."

காப்பி நிறம். ஒவ்வொரு உட்கருவும். கண் கொள்ளவில்லை. டா.அ. பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தார்; இத்தனை வருஷத்தில் தொட்டதில்லை. அண்ணாமலைக்குப் போன் போட்டேன். "இருக்குதுங்க, மாத்திரை இருக்குது" என்றேன்.  அந்தப் பக்கம் தூரத்தில், "அலமேலு, ஏய் அலமேலு" என்று ஓடுகிற சத்தம். போனை வைக்கவே இல்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். நன்றாக அழுதேன்.

ஐந்து மணிக்குக் காகிதத்தை எடுத்தேன். முதல் பெயர் ராமாயி. க/பெ சடையன். ராமாயிக்கு எது உண்மை, எது தண்ணீர் செய்தது என்று அந்தக் கட்டையை வைத்துச் சொல்லவே முடியாது. அவளையும் மேலே போய்ப் பார்த்துப் புதிதாக எடுக்கலாம் என்றுதான் சடையனுக்குப் போன் போட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார். லேபிலிருந்து பேசுகிறேன், கள்ளக்குறிச்சி, ராமாயி அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.

"அவ போயிட்டாளுங்க, மாசி மாசத்துல." குரலைத் தாழ்த்தி, "ஏன் மேடம், பாட்டிலு எதுனா கசிஞ்சிடுச்சிங்களா? நான் ஒரு சொட்டு சிந்தலீங்களே."