சூடான கைக்கு ஐஸ் கூடாது

இபாகே,
மே 9, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய எர்சிலியா மதினிக்கு,

எவேலியோ எழுதுகிறேன். உடனே மடித்துப் போட்டுவிடாதீர்கள். போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறீர்கள், நேற்றுகூட இரண்டு முறை வைத்தீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் தங்கையை என் பஸ்ஸில் ஏற்றி வந்து கல்யாணம் செய்துகொண்டதற்கு இருபத்தெட்டு வருடம் கோபித்தாயிற்று. மீதிக் கோபத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

ஞாயிறுதோறும் எடில்மா உங்களிடம், "எல்லாம் நல்லாத்தான் போகுதுக்கா" என்று சொல்கிறாள். அது பாதி உண்மை. முதலில் கொடுத்த இரண்டு மருந்துக்கும் அசையாத சினைப்பைப் புற்றுக் கட்டி, இந்த மருந்துக்குச் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இது சிவப்பு மருந்து. அப்படியே ஏற்றினால் இதயத்தைக் கெடுக்குமாம். அவளுக்கோ இதயம் முன்பே பலவீனம். அதனால் கொழுப்பாலான பொடிக் குமிழிகளுக்குள் அடைத்து ஏற்றுகிறார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே எண்ணூறு குமிழிகளை வரிசையாக நிறுத்தலாம் என்று நர்ஸ் சொன்னாள். நாற்பது பேர் பஸ்ஸில் தொண்ணூறு பேரை ஏற்றியவன் நான், எனக்கே நம்ப முடியவில்லை. கட்டி இருக்கிற இடத்தில் போய் அந்தக் குமிழிகள் கசியும். ஆனால் சூடும் அழுத்தமும் படுகிற உள்ளங்கையிலும் கசிந்துவிடும், தோல் உரிந்துவிடும். அதற்காகத்தான் மருந்து இறங்கி முடியும்வரை ஐஸ் கையுறை போட்டுவிடுகிறார்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் மருந்து கைப்பக்கம் அதிகம் போகாதாம்.

முப்பது வருடம் ஊர்ச்சட்டையெல்லாம் இஸ்திரி தேய்த்தவளிடம் போய் ஐஸைக் கொடுத்தால் என்ன ஆகும்?

மருந்து ஏற்றும் அறைக்குள் துணைக்கு வந்தவர்களை விடமாட்டார்கள். மூன்றாவது தடவை நர்ஸே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். உங்கள் தங்கை இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஐஸ் கையுறைகள் பக்கத்து நாற்காலிக்காரியின் லுலோ பழ ஜூஸைக் குளிர வைத்துக்கொண்டிருக்கின்றன. முதல் இரண்டு தடவையும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. கேட்டால், "தேச்ச சூட்டுக் கையை ஐஸ்ல வைக்கச் சொல்றீங்களே, பச்சைத் தண்ணியில வெச்சு எங்கம்மா கை கோணினது பத்தாதா?" என்கிறாள். தேய்ப்பதை விட்டே நாலு மாதம் ஆயிற்றே என்றேன். "முப்பது வருஷத்துச் சூடு நாலு மாசத்துல ஆறிடுமா?" என்றாள்.

கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பாதிரியாரைக் கூட்டி வந்தேன். அவருடைய அம்மாவும் துணி தேய்த்தவராம். அவர் இவள் பக்கம் பேசிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது அவள் கையைப் பார்த்தால் உங்களுக்குத் தாங்காது. உள்ளங்கை முழுக்கச் சிவந்து உரிந்து கிடக்கிறது. கோப்பை பிடிக்க முடியவில்லை, பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். நாலாவது தடவையை இரண்டு வாரம் தள்ளி இருபத்திரண்டாம் தேதிக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி உரிஞ்சா நிறுத்திடுவேன். இதுக்கு மேல குடுக்க எங்கிட்ட மருந்து இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் பஸ் நிலையத்தில் நின்றபடிதான் எழுதுகிறேன்.

எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: "அம்மா கைக்கு என்னாச்சுன்னு அக்காதான் சொன்னா. அக்கா பொய் சொல்லமாட்டா." மதினி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். என்னை மன்னிக்க வேண்டாம். அவள் இல்லாமல் எனக்கு வாழத் தெரியாது.

உங்கள் ஊர் மாரிகிட்டாவுக்கு பஸ் ஓட்டும் நண்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

தங்கள் பதிலுக்குத் தவிப்புடன்,
எவேலியோ


மாரிகிட்டா,
மே 14

அன்புத் தங்கை எடில்மாவுக்கு,

உன்னால் காகிதம் பிடிக்க முடியாதாமே. அந்த பஸ்காரனையே படிக்கச் சொல். அவனும் கேட்க வேண்டியதுதான்.

அம்மாவின் கை குளிர்ந்த தண்ணீரால் கோணவில்லை.

உனக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பதினான்கு. அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலர் தீய்ந்துவிட்டது. அவர் அம்மாவின் வலது கையை மேஜைமேல் அழுத்திப் பிடித்து, இஸ்திரிப் பெட்டியாலேயே இரண்டு முறை அடித்தார். சத்தம் கேட்டு நீ ஓடி வந்தாய். நான் உன்னை வாசலிலேயே மறித்தேன். "அம்மா கைக்கு என்னாச்சு?" என்று அழுதாய். "தேச்ச சூட்டோட தண்ணியில வெச்சுட்டா, கோணிக்கிச்சு" என்றேன். ஊரெல்லாம் சொல்கிற பேச்சு, அதுதான் வாயில் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், மறுத்துப் பேசவில்லை. பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அவளும் அதையே சொன்னாள்.

சூட்டுக் கையைப் பற்றி ஊர் சொல்வது மெய்யா பொய்யா, எனக்குத் தெரியாது. நம் வீட்டில் நடந்தது அது இல்லை.

நீ அப்பாவின் செல்லம். அவர் தோளில் ஏறித்தான் சந்தைக்குப் போவாய். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் செத்த பிறகும் வரவில்லை. இப்போதும் இதை எழுத ஐந்து நாள் பிடித்தது. உன் உயிரா, அவர் பெயரா என்று கேட்டால், அவர் பெயர் போகட்டும்.

இருபத்தொன்றாம் தேதி நான் அங்கே வருகிறேன். உன் புருஷனைக் கட்டிலைப் போட்டு வைக்கச் சொல். மறுநாள் அந்த அறைக்குள் என்னை விடமாட்டார்கள், நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். உள்ளே நீயாகத்தான் கையை ஐஸில் வைக்க வேண்டும்.

என்னைத் திட்டு. அக்கா பொய்க்காரி என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல். பத்து வருடம் என் முகத்தில் விழிக்காதே, பேசாதே. அதற்காகவாவது இன்னும் பத்து வருடம் உயிரோடு இரு, என் கண்ணே.

கார்மென் மாதா உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அக்கா,
எர்சிலியா